ரன்வேயைக் கடக்கும் ரோடு: ஒரு சிவப்பு விளக்கின் கதை

எபிசோடைக் கேட்க நேரமில்லாம படிக்கிறவங்களுக்காக, பேச்சைக் கொஞ்சம் திருத்தி இங்க போடுறோம். "ம்", "ஆங்", நடுவுல குறுக்கே வந்த பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம் எல்லாத்தையும் எடுத்தாச்சு.

ஒரு வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன். காலேஜ் மூணாவது வருஷம், ஜி.எஸ்.டி. ரோட்டுல மீனம்பாக்கம் பக்கம் ஸ்கூட்டியில போயிட்டிருக்கேன். ஏர்போர்ட் மதிலுக்கு அந்தப் பக்கத்துல இருந்து ஒரு விமானம் கிளம்புது. அந்தச் சத்தம் காதுல விழறதுக்கு முன்னாடி நெஞ்சுல விழுந்துச்சு. நான் மேல பார்த்தேன். ரெண்டு செகண்ட்தான் இருக்கும். முன்னாடி போன ஷேர் ஆட்டோ பிரேக் அடிச்சிருக்கு, நான் நேரா போய் அதோட பின்பக்கத்துல முட்டினேன். ஆட்டோ அண்ணன் இறங்கி வந்து பார்த்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்: "தம்பி, ஏரோப்ளேன் பார்த்ததே இல்லையா?"

தினமும் பார்க்கிறேன் அண்ணே. அதான் பிரச்சனையே.

ரொம்ப நாள் கழிச்சு பிரிட்டனோட 'ஹைவே கோட்' புத்தகத்தைப் புரட்டினப்போ (ஏன் அதைப் புரட்டினேன்னு கேட்காதீங்க, ஞாயித்துக்கிழமை இப்படித்தான் போகுது) ஒரு எச்சரிக்கைப் பலகை கண்ணுல பட்டுச்சு. சிவப்பு முக்கோணம், உள்ளே ஒரு விமானம். அதுக்குக் கீழே இருந்த விளக்கம்: தாழப் பறக்கும் விமானம், அல்லது திடீர் விமானச் சத்தம். அந்த ரெண்டாவது பாதியைப் படிச்சதும் ஆட்டோ அண்ணன் ஞாபகம்தான் வந்தார். விமானம் உன் மேல விழும்னு அந்தப் பலகை பயமுறுத்தல. சத்தம் கேட்டதும் நீ மேல பார்ப்ப, ரோட்டைப் பார்க்க மறந்துடுவ, அதனால முன்கூட்டியே தெரிஞ்சுக்கோன்னு சொல்லுது. என்னை மாதிரி ஆளை மனசுல வெச்சு டிசைன் பண்ணின பலகை.

அதே புத்தகத்துல இன்னொரு விளக்கும் இருக்கு. பக்கத்து பக்கத்துல ரெண்டு சிவப்பு விளக்கு, ஒண்ணு மாத்தி ஒண்ணு மினுக்கும். அது மினுக்கினா நின்னே ஆகணும். எங்கெல்லாம் அது இருக்கும்னு ஒரு பட்டியல்: ரயில்வே லெவல் கிராஸிங், தூக்குப் பாலம், விமானத் தளம், தீயணைப்பு நிலையம். லெவல் கிராஸிங் புரியுது, பாலமும் புரியுது. விமானத் தளத்துல ரோட்டுல போற கார்க்காரனுக்கு எதுக்கு சிவப்பு விளக்கு?

ஏன்னா சில ஊர்கள்ல ரோடு ரன்வேக்குக் குறுக்கே போகுது. பக்கத்துல போறதில்ல, கீழே போறதில்ல. குறுக்கே.

இன்னைக்கு எபிசோட் அப்படி ஒரு ரோட்டைப் பத்தி. ஆனா ஊருக்குப் போறதுக்கு முன்னாடி அந்த ரெண்டு சிவப்பு விளக்கோட பூர்வீகத்தைக் கொஞ்சம் பேசிடணும். அதுல எங்க குடும்பத்துக்கும் ஒரு பங்கு இருக்கு.

எங்க தாத்தா ரயில்வே கேட் கீப்பர். விருத்தாசலம் பக்கம், வயக்காட்டுக்கு நடுவுல ஒரு கேட், ஒரு குடிசை, ஒரு போன். சின்ன வயசுல லீவுக்குப் போனா அவரோட ராத்திரி டியூட்டியில உட்கார்ந்திருப்பேன். கையில சிவப்புக் கண்ணாடி லாந்தர் இருக்கும். யாராவது மூடின கேட்டுக்கு அடியில சைக்கிளை நுழைக்கப் பார்த்தா, லாந்தரை இப்படியும் அப்படியுமா ஆட்டுவார். ஏன் தாத்தா ஆட்டுறீங்கன்னு கேட்டேன். "சும்மா புடிச்சுக்கிட்டு நின்னா எவன்டா பார்ப்பான்? கெழவன் பீடி பத்த வெக்கிறான்னு நெனச்சுக்கிட்டுப் போயிடுவான்" அப்படின்னார்.

தாத்தாவுக்குத் தெரிஞ்ச அதே விஷயம் அமெரிக்காவுல கலிபோர்னியா ரயில்காரங்களுக்கும் தெரிஞ்சிருந்துச்சு. அங்கயும் கிராஸிங் காவலாளி ராத்திரியில சிவப்பு லாந்தரை ஆட்டித்தான் வண்டிகளை நிறுத்துவார். 1909-ல பசிபிக் எலக்ட்ரிக் ரயில் கம்பெனியில ஆல்பர்ட் ஹன்ட்னு ஒரு இன்ஜினியர், அந்த ஆளோட கையை மட்டும் மெஷினா மாத்தினார். கடிகாரப் பெண்டுலம் மாதிரி ஒரு கம்பி, நுனியில வட்டத் தகடு, அதுல சிவப்பு விளக்கு. ரயில் வரும்போது தானா ஆடும், மணி அடிக்கும். 'விக்-வாக்'னு பேர் வந்துச்சு. அப்புறம், ஆடுற பாகங்கள் தேயுது, எண்ணெய் போடணும், ரிப்பேர் பண்ணணும். அதனால கம்பியைத் தூக்கிட்டு, ரெண்டு விளக்கைப் பக்கத்து பக்கத்துல வெச்சு மாத்தி மாத்தி எரிய விட்டாங்க. கண்ணுக்கு அது ஒரே விளக்கு இடமும் வலமும் ஆடுற மாதிரியே தெரியும். அதாவது இன்னைக்கும் அந்த விளக்கு மினுக்கும்போது ஒரு கேட் கீப்பர் லாந்தர் ஆட்டுறதைத்தான் நாம பார்க்கிறோம். பிரிட்டன்ல இதுக்கு இன்னைக்கும் பேச்சு வழக்குல 'விக்-வாக்'தான் பேர்.

இந்த விளக்குல பச்சை கிடையாது, கவனிச்சீங்களா? சாதாரண சிக்னல்ல பச்சைன்னா "போ"ன்னு அர்த்தம். இங்க விளக்கு எரியாம இருக்கிறதுதான் சாதாரண நிலை. "போகலாம்"னு அது ஒருநாளும் வாக்குக் கொடுக்காது. மென்பொருள்காரனா எனக்கு இது ரொம்பப் பிடிச்ச டிசைன், ஆனா இதுல ஒரு ஓட்டையும் இருக்கு. பல்பு ஃப்யூஸ் ஆனாலும் எரியாது. அதனாலதான் விளக்கை மட்டும் நம்பாம கூடவே ஒரு தடுப்புக் கம்பி, ஒரு மணிச் சத்தம், சில இடத்துல ஒரு மனுஷன்.

மனுஷனை எடுத்துட்டா என்ன ஆகும்னு பிரிட்டன் ஒரு தடவை பார்த்துச்சு. 1961-ல ஸ்டாஃபோர்ட்ஷயர்ல ஸ்பாத்ங்கிற இடத்துல அங்கத்திய முதல் தானியங்கி அரைக் கம்பி கிராஸிங் வந்துச்சு. அதே மாவட்டத்துல ஹிக்ஸன்ங்கிற ஊர்லயும் ஒண்ணு போட்டாங்க. போட்டு ஒரு வருஷம்கூட ஆகல. 1968 ஜனவரி 6. 120 டன் எடையுள்ள டிரான்ஸ்ஃபார்மரை ஏத்திக்கிட்டு ஒரு பெரிய லாரி, 148 அடி நீளம், முன்னாடி போலீஸ் வண்டி வழி காட்ட, மெதுவா தண்டவாளத்தைக் கடக்குது. மேல உயர் அழுத்த மின்கம்பி இருக்கிறதால வேகம் மணிக்கு 2 மைல். நீங்களே கணக்குப் போடுங்க. 148 அடின்னா 45 மீட்டர். 2 மைல் வேகம்னா செகண்டுக்கு 0.9 மீட்டர். தன்னோட நீளத்தைக் கடக்க மட்டுமே 50 செகண்ட் ஆகும். ரயில் வர்றதை உணர்ந்ததுல இருந்து ரயில் வந்து சேர்ற வரைக்கும் அந்த சிஸ்டம் கொடுத்த நேரம்? 24 செகண்ட்.

மான்செஸ்டர்ல இருந்து லண்டன் போன எக்ஸ்பிரஸ் அதுல மோதினதுல 11 பேர் செத்துப் போனாங்க. மெதுவான வண்டின்னா முதல்ல சிக்னல்காரருக்கு போன் பண்ணணும்னு அங்க ஒரு பலகை இருந்துச்சு, போனும் இருந்துச்சு. யாரும் பண்ணல. போலீஸுக்கே அந்த விதி சரியா போய்ச் சேரலன்னு அரசு விசாரணையில வெளிய வந்துச்சு. அதுக்கப்புறம் சிவப்பு மினுக்கறதுக்கு முன்னாடி ஒரு நிலையான மஞ்சள் விளக்கும் சேர்ந்துச்சு. இன்னைக்கு பிரிட்டன்ல எங்க அந்த விளக்கைப் பார்த்தாலும், தீயணைப்பு நிலையமோ விமானத் தளமோ, கீழே ஒரு மஞ்சள் இருக்கும்.

இதுல ஒரு விநோதம். அந்த டிரான்ஸ்ஃபார்மர் எங்க போயிட்டிருந்துச்சு தெரியுமா? ஹிக்ஸன்ல இருந்த ஒரு பழைய போர்க்கால விமானத் தளத்துக்கு. போர் முடிஞ்சதும் அந்த இடம் கனரகச் சாமான்களுக்குக் கிடங்காகிடுச்சு.

சரி. இப்போ ஜிப்ரால்டர்.

மேப்ல ஸ்பெயினோட தெற்கு நுனியைப் பாருங்க. மத்தியதரைக் கடல் வாயில ஒரு பல்லு மாதிரி துருத்திக்கிட்டு நிக்கிற சுண்ணாம்புப் பாறை. அதோட காலடியில ஒரு ஊர். மொத்தமே 6.8 சதுர கிலோமீட்டர், சுமார் 34 ஆயிரம் பேர், கூடவே குரங்குகள். ஸ்பெயினோட ஒட்டியிருந்தாலும் ஆட்சி பிரிட்டனோடது. 1713-ல உட்ரெக்ட் ஒப்பந்தத்துல ஊரையும் கோட்டையையும் துறைமுகத்தையும் ஸ்பெயின் எழுதிக் கொடுத்துச்சு. பாறைக்கும் ஸ்பெயினுக்கும் நடுவுல ஒரு மணல் திட்டு, தட்டையான நிலம். அதைக் கொடுக்கவே இல்லைன்னு ஸ்பெயின் இன்னைக்கும் சொல்லுது. இது நம்ம கதைக்கு முக்கியம், ஏன்னா ரன்வே இருக்கிறது அந்த மணல் திட்டு மேலதான்.

முன்னாடி அது குதிரைப் பந்தயத் திடல். 1930-கள்ல அவசரத்துக்கு விமானம் இறங்க ஒரு பட்டை ஒதுக்கினாங்க. ரெண்டாம் உலகப் போர் வந்ததும் குதிரைகள் போயாச்சு. சின்ன ரன்வே போதல, நீட்டணும். எங்க நீட்டுறது? ஒரு பக்கம் மத்தியதரைக் கடல், மறுபக்கம் வளைகுடா. அதே நேரத்துல ராணுவ இன்ஜினியர்கள் பாறைக்குள்ள கிலோமீட்டர் கணக்குல சுரங்கம் குடைஞ்சுக்கிட்டிருந்தாங்க, ஆஸ்பத்திரி, கிடங்கு, தங்குமிடம் எல்லாம் உள்ளேயே கட்ட. வெட்டின கல்லை எங்கயாவது கொட்டணுமே. வளைகுடாவுல கொட்டினாங்க. அந்தக் கல் மேல ரன்வே நீண்டுச்சு. 1942 நவம்பர்ல வட ஆப்பிரிக்காவுல நேச நாடுகள் இறங்கினப்போ ஐசனோவர் இந்தப் பாறைக்குள்ள உட்கார்ந்துதான் நடத்தினார். வெளியே ரன்வே ஓரத்துல விமானங்கள் இறக்கை இடிக்கிற அளவுக்கு நெருக்கி நின்னுச்சு.

இப்போ தலையில அந்த மேப்பை வரைங்க. தெற்கே ஊர். வடக்கே ஸ்பெயின் எல்லை. நடுவுல கிழக்கு மேற்கா, ஒரு கடல்ல இருந்து இன்னொரு கடல் வரைக்கும் ரன்வே. ஊர்ல இருந்து எல்லைக்குப் போறதுக்கு சுத்து வழி கிடையாது. எந்த ரோடு போட்டாலும் அது ரன்வேயைக் கடந்தே ஆகணும். கிராஃப் தியரி படிச்சவங்க இதைப் பார்த்தா சிரிப்பாங்க: ஒரே ஒரு விளிம்பு, அதை வெட்டினா கிராஃப் ரெண்டா பிரியும். அந்த விளிம்புக்குப் பேர் வின்ஸ்டன் சர்ச்சில் அவென்யூ. நாலு லேன் ரோடு. அதோட வயித்துல சுமார் 1,800 மீட்டர் நீள ரன்வே குறுக்கா படுத்திருக்கு.

போர்க்காலத்துல இது பெரிய தலைவலி இல்ல. ராணுவம் நில்லுன்னா நிக்கணும். அதுக்கப்புறமும் விமானம் குறைச்சல். 1969 ஜூன்ல பிரச்சனை ஒரு குரூரமான விதத்துல தானாவே காணாமப் போச்சு. ஸ்பெயின் சர்வாதிகாரி ஃபிராங்கோ எல்லையையே மூடிட்டார். கேட்டுக்குப் பூட்டு. தினமும் ஜிப்ரால்டருக்கு வேலைக்கு வந்துட்டிருந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்பானியர்களுக்கு ஒரே நாள்ல வேலை போச்சு. கல்யாணம் கட்டி அந்தப் பக்கம் போன பெண்கள், இந்தப் பக்கம் அம்மா. ரெண்டு வேலிக்கும் நடுவுல இருந்த இடைவெளியைத் தாண்டிக் கத்திப் பேசுவாங்க. பொறந்த குழந்தையைத் தூக்கிக் காட்டுவாங்க. 13 வருஷம். 1982 டிசம்பர்ல நடந்து போறவங்களுக்கு மட்டும் திறந்தாங்க. வண்டிகளுக்கு முழுசா திறந்தது 1985 பிப்ரவரியில.

அந்த வருஷங்கள்ல ரன்வேக்கு வடக்கே போறதுக்கு யாருக்கும் பெரிய காரணமே இல்ல. ரோடு எங்கயும் போய்ச் சேரல. சிக்னல் இருந்துச்சு, நிறுத்தறதுக்கு வண்டி இல்ல. இந்தக் கதையில என்னை ரொம்ப உலுக்கின இடம் இதுதான். ஏன்னா 1985-க்கு அப்புறம் வந்த டிராஃபிக் ஜாமைத் திட்டின பலருக்கு, அந்த ஜாமே ஒரு வரம்னு தெரிஞ்சிருக்கும். வண்டி நிக்குதுன்னா, போறதுக்கு ஒரு இடம் இருக்குன்னு அர்த்தம்.

ஆனா ஜாம் ஜாம்தான். எல்லை திறந்ததும் வண்டிகள் கொட்டுச்சு. பிற்காலத்துல ஸ்பெயின் பக்கம் குடியிருந்து தினமும் ஜிப்ரால்டருக்கு வேலைக்கு வர்றவங்க மட்டும் சுமார் 15 ஆயிரம் பேர். விமானம் வந்தா எல்லாரும் நிக்கணும்.

எவ்வளவு நேரம்? ரயில்வே கேட் கணக்கு இங்க உதவாது. ஏ320 மாதிரி விமானம் இறங்கும்போது செகண்டுக்கு 70 மீட்டர் வேகம். ஹிக்ஸன்ல கொடுத்த 24 செகண்டை இங்க கொடுத்தா, கம்பி இறங்கத் தொடங்கும்போது விமானம் ஒண்ணே முக்கால் கிலோமீட்டர்கூட தள்ளி இருக்காது. அதனால விமானம் தூரத்துல ஒரு புள்ளியா இருக்கும்போதே வேலை ஆரம்பிச்சாகணும். சிவப்பு மினுக்கும். கம்பி இறங்கும். நடுவுல மாட்டின சைக்கிள்காரர், செல்ஃபி எடுக்கிற டூரிஸ்ட் எல்லாரையும் வெளியேத்தணும். ரன்வேயைப் பெருக்கணும் (இதுக்கு வர்றேன்). அப்புறம்தான் "காலி"ன்னு கண்ட்ரோல் டவருக்குத் தகவல். விமானம் கிளம்பறதுன்னா இன்னும் மோசம். முழு நீளத்துக்குத் தனி டாக்ஸிவே இல்லாததால ரன்வே மேலயே ஓரம் வரைக்கும் ஊர்ந்து போய், திரும்பி நின்னு, அதுக்கப்புறம்தான் ஓடணும். ஒரு விமானத்துக்கு சுமார் பத்து நிமிஷம் ரோடு மூடியிருக்கும்.

எங்க ஆபீஸ்ல இதுக்கு ஒரு பேர் உண்டு. மியூட்டெக்ஸ். ஒரு பொருளை ரெண்டு பேர் ஒரே நேரத்துல தொடக்கூடாதுன்னா பூட்டு போடணும். பூட்டைக் கையில வெச்சிருக்கிறவன் வேலை முடிஞ்சு விடுற வரைக்கும் மத்தவன் காத்திருக்கணும். பூட்டு போடறது ஒண்ணும் பெரிய கஷ்டமில்ல. போட்ட பூட்டுனால பின்னாடி எவ்வளவு நீளமா வரிசை நிக்குதுன்னு பார்க்கிறதுதான் கஷ்டம். ரயிலுக்கும் விமானத்துக்கும் ஒரு நல்ல வித்தியாசம் மட்டும் இங்க கை கொடுக்குது. ரயிலால நிக்க முடியாது. விமானத்துக்கு, இறங்குறதுக்கு முன்னாடி "ரன்வே காலியில்ல"ன்னு சொன்னா மறுபடி மேலேறி ஒரு சுத்து சுத்தி வந்துடும். பெட்ரோல் செலவுதான், உயிர்ச் செலவு இல்ல.

பெருக்கற விஷயத்துக்கு வர்றேன். ஒரு ரோடுல என்னென்ன கிடக்கும்? நட்டு, ஆணி, உடைஞ்ச ஹெட்லைட் கண்ணாடி, டயர் துண்டு, யாரோ வீசின கோக் கேன். நம்ம ரோட்டுல அது பஞ்சர். ரன்வேயில என்னன்னு பாரிஸ்ல 2000 ஜூலை 25-ல பார்த்தோம். முன்னாடி கிளம்பின விமானத்துல இருந்து விழுந்த, ஒன்றரை அடிகூட இல்லாத ஒரு உலோகப் பட்டை. அது மேல கான்கார்ட் விமானத்தோட டயர் ஏறி வெடிச்சு, டயர் துண்டு இறக்கையில அடிச்சு, எரிபொருள் தொட்டி கிழிஞ்சு தீப்பிடிச்சுது. விமானத்துல இருந்த 109 பேரும் தரையில இருந்த 4 பேரும் செத்துப் போனாங்க. இப்போ ஜிப்ரால்டரை யோசிங்க. தினமும் ஆயிரக்கணக்கான வண்டியும் ஆளும் நடந்து, ஓட்டி, உதிர்த்துட்டுப் போற ரோடு, அதுவே ரன்வே. சிவப்பு விளக்கு வண்டியைத்தான் நிறுத்தும். வண்டி விட்டுட்டுப் போனதை அதால எடுக்க முடியாது. அதனால கம்பி இறங்கினதும் பெருக்கற வண்டி ஓடும். இந்த ஊர்ல விமானப் பாதுகாப்பு துடைப்பத்துல தொடங்குது.

ஜிப்ரால்டர் மட்டும்தான்னு நினைக்காதீங்க. ஸ்காட்லாந்துக்கும் வடக்கே ஷெட்லாந்து தீவுல சம்பர்க் விமான நிலையம். ஏ970ங்கிற ரோடு ரன்வேயோட மேற்கு நுனியைக் கடந்துதான் தீவோட தெற்கு முனைக்குப் போகுது. அங்கயும் விளக்கு, கம்பி. நியூஸிலாந்துல கிஸ்போர்ன்ல இன்னும் வேடிக்கை, ரன்வேயை ரயில் பாதையே கடக்குது. அதைப் பத்தி ஒரு முழு எபிசோட் பண்ண ஆசை.

இதெல்லாம் கேட்கும்போது ஒரு கேள்வி வரணும். நான் எங்க அக்காகிட்ட இந்த ஸ்கிரிப்டைப் படிச்சுக் காட்டினப்போ அவளும் அதைத்தான் கேட்டா: "டேய், இதெல்லாம் காரு ப்ளேன் மேல மோதாம இருக்கத்தானே? ப்ளேன் காரு மேல மோத வந்தா?"

கரெக்ட். ரன்வேயைக் குறுக்கே கடக்கிற ரோட்டுக்கு சிக்னல் உண்டு. ரன்வே முடியற இடத்துல, வேலிக்கு அந்தப் பக்கம் போற ரோட்டுக்குப் பெரும்பாலும் சிக்னல் கிடையாது. 1996 ஆகஸ்ட்ல லண்டன் பக்கம் நார்த்தோல்ட் தளத்துல ஒரு லியர்ஜெட் ரன்வேயில நிக்க முடியாம வேலியைப் பிச்சுக்கிட்டு ஏ40 நெடுஞ்சாலைக்கு வந்து ஒரு வேனோட மோதுச்சு. யாரும் சாகல. 2005 டிசம்பர் 8, சிகாகோ மிட்வே விமான நிலையம். பனி கொட்டுது. சவுத்வெஸ்ட் விமானம் ரன்வேயைத் தாண்டி, சுவரை உடைச்சு, டிராஃபிக் இருக்கிற ரோட்டுக்கு வந்துடுச்சு. விமானத்துல இருந்தவங்க யாருக்கும் உயிர்ச் சேதம் இல்ல. ரோட்டுல போன கார்ல பெத்தவங்களோட உட்கார்ந்திருந்த ஆறு வயசுப் பையன் செத்துட்டான். அந்தக் குடும்பம் எந்த விதியையும் மீறல. அவங்களுக்கு எந்த விளக்கும் மினுக்கல.

அங்க விளக்கு வெச்சாலும் பிரயோஜனம் இல்ல, ஏன்னா விமானம் நிக்காதுன்னு தெரியறதுக்கும் அது வேலியை உடைக்கிறதுக்கும் நடுவுல சில செகண்டுதான். அதனால அந்தப் பக்கம் தீர்வு வேற மாதிரி வந்துச்சு. ரன்வே நுனியில நொறுங்கற கான்கிரீட்ல ஒரு படுகை. ஓடி வர்ற விமானத்தோட சக்கரம் அதுல புதைஞ்சு, வேகம் அடங்கி நிக்கும். ஈர மணல்ல சைக்கிள் ஓட்டின மாதிரி. மிட்வேயிலும் விபத்துக்கு அப்புறம் போட்டாங்க. அங்க எச்சரிக்கைக்கே வேலை இல்ல, ரோட்டுல போறவன் எதையும் கவனிக்க வேண்டியதும் இல்ல. அக்காவுக்கு இந்த பதில் திருப்தி. "அதை முன்னாடியே போட்டிருக்கலாம்ல"ன்னா. இதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

மறுபடி ஜிப்ரால்டர். பூட்டைத் தூக்கிட்டு, ரெண்டு பேருக்கும் தனித்தனி வழி கொடுத்துடலாம்னு எல்லாருக்கும் தெரியும். ரன்வேக்குக் கீழே சுரங்கம். அவ்வளவுதானே? பாறையையே குடைஞ்ச ஊர். ஆனா இழுத்துச்சு. அந்த நிலமே சர்ச்சையில இருக்கு, விமான நிலையத்தை யார் எப்படிப் பயன்படுத்தலாம்னு பிரிட்டனும் ஸ்பெயினும் 1987-ல போட்ட ஒப்பந்தத்தை ஜிப்ரால்டர்காரங்களே ஏத்துக்கல. 2006-ல கோர்டோபாவுல மூணு தரப்பும் உட்கார்ந்து ஒரு சமாதானத்துக்கு வந்தப்புறம்தான் அந்த டிசம்பர்ல மாட்ரிட்ல இருந்து விமானம் வந்துச்சு. அதிக விமானம்னா அதிக சிவப்பு விளக்கு. புது டெர்மினலோட சேர்த்து சுரங்கத்துக்கும் திட்டம் போட்டு 2008 டிசம்பர்ல ஒரு ஸ்பானிஷ் கட்டுமானக் கம்பெனிக்குக் கொடுத்தாங்க. ரெண்டு வருஷத்துல முடிக்கணும்.

ரெண்டரை வருஷம் கழிச்சுப் பார்த்தா கால்வாசிதான் முடிஞ்சிருக்கு. மண்ணுதான் காரணம்னு கம்பெனி சொல்லுச்சு. நூற்றாண்டுகளா ராணுவம் சுட்டுப் பழகின இடம், தோண்டத் தோண்ட ஈயம் கலந்த விஷ மண். இவ்வளவு இருக்கும்னு எதிர்பார்க்கலைன்னாங்க. 2011-ல ஒப்பந்தம் ரத்து. லண்டன் நீதிமன்றத்துல வழக்கு. 2014-ல தீர்ப்பு அரசு பக்கம் வந்துச்சு: அனுபவமுள்ள கம்பெனி அந்த இடத்தோட ராணுவ வரலாறைப் பார்த்து இதை எதிர்பார்த்திருக்கணும்னு நீதிபதி சொன்னார். ப்ராஜெக்ட் எஸ்டிமேட் போடுற ஒவ்வொரு இன்ஜினியரும் அந்தத் தீர்ப்பைப் படிக்கணும். "ரெக்வயர்மென்ட் டாக்குமென்ட்ல இருந்துச்சு, நாங்க சரியா படிக்கல"ன்னு எத்தனை தடவை நாமளே சொல்லியிருப்போம்.

கடைசியா 2023 மார்ச் 31. ரன்வேயோட கிழக்கு நுனிக்குக் கீழே 350 மீட்டர் சுரங்கம், அதோட சேர்த்து ஒன்றேகால் கிலோமீட்டர் புது ரோடு, பேர் 'கிங்ஸ்வே'. ரெண்டு வருஷத்துல முடிக்க வேண்டியது பதினாலு வருஷத்துக்கு மேல ஆச்சு. அன்னையில இருந்து கார், பஸ், லாரி எதுவும் ரன்வே மேல போறதில்ல.

ஆனா கேட்டை எடுக்கல. நடந்து போறவங்களும் சைக்கிள்காரங்களும் இன்னைக்கும் பழைய ரோட்டுல, ரன்வே மேலதான் போறாங்க. பக்கத்து வழி அதுதான். காலையில எல்லையில இருந்து வேலைக்கு வர்றவங்க டிஃபன் பையோட அந்த அகலமான தாரைக் கடந்து போவாங்க. விமானம் வந்தா விளக்கு மினுக்கும், கம்பி இறங்கும், எல்லாரும் நிப்பாங்க. சில பேர் மேல பார்ப்பாங்க. அங்க பார்க்கலாம், முன்னாடி ஷேர் ஆட்டோ எதுவும் இல்ல.

தாத்தாவோட கேட்டை இப்போ எடுத்துட்டாங்க. கீழே சப்வே போட்டாச்சு, மழை பெஞ்சா இடுப்பளவு தண்ணி நிக்குது. லாந்தர் எங்க வீட்டுப் பரண்ல இருக்கு, சிவப்புக் கண்ணாடியில ஒரு கீறலோட. அதோட போட்டோவை எபிசோட் படமா போட்டிருக்கேன்.

உங்க ஊர்ல ரன்வே பக்கத்துல வித்தியாசமான எச்சரிக்கைப் பலகை எதையாவது பார்த்திருந்தா போட்டோ எடுத்து அனுப்புங்க. வண்டியை ஓரமா நிறுத்திட்டு எடுங்க, ப்ளீஸ். அடுத்த எபிசோட் கிஸ்போர்ன் ரயில். பார்க்கலாம்.